குழந்தையின் மழலை தாமதமாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பது மாதம் முடிந்த குழந்தை நன்றாகச் சிரிக்கிறது, தவழ்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. ஆனால் ‘பாபாபா’, ‘தாதாதா’ என்ற அடுக்கொலி மட்டும் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் சில பெற்றோர் தூக்கத்தைத் தொலைத்துக் கவலைப்படுகிறார்கள். வேறு சிலர் ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது மனநிலைதான். தாமதமாகத் தொடங்கும் குழந்தைகளில் பலர் தாமாகவே பிறரை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்லிவிட முடியாது.

குழந்தை எழுப்பும் ஒலிகளையெல்லாம் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இரண்டு, மூன்று மாதத்தில் வரும் ‘ங்கா’, ‘ஊ’ போன்றவை பெரும்பாலும் தொண்டையிலிருந்து எழும் நீண்ட ஒலிகள். உதடும் நாக்கும் சேர்ந்து மெய்யும் உயிரும் கலந்த அசைகளை அடுக்கத் தொடங்குவது பொதுவாக 6 முதல் 10 மாதங்களுக்குள். பின்னால் வரப்போகும் சொற்களுக்கு இந்த அசைகளே அடித்தளம். பத்து மாதம் முடிந்தும் இவை வரவில்லையென்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொருளுணர்ந்து சொல்லும் முதல் சொல் ஏறத்தாழ ஒரு வயதில்தான் வரும். அந்தச் சொல்லை மட்டுமே எதிர்பார்த்திருப்பவர்கள் இரண்டு வயதுக்குப் பிறகே கவலைப்படத் தொடங்குகிறார்கள்.

‘இவ்வளவு சத்தம் போடுகிறதே, காது கேட்காமலா இருக்கும்?’ என்று முடிவு செய்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. செவித்திறன் இல்லாத குழந்தையும் அழும், சிரிக்கும், முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ங்கா’ சொல்லும். வேறுபாடு வெளிப்படுவது அடுக்கொலிக் கட்டத்தில்தான். தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டால்தான் அது உரிய காலத்தில் உருவாகும். காது கேட்கிறதா என்று சோதிப்பதாக நினைத்துப் பலர் குழந்தையின் பின்னால் நின்று கை தட்டுகிறார்கள், அல்லது ஒரு தட்டைக் கீழே போடுகிறார்கள். குழந்தை சட்டெனத் திரும்பியதும் நிம்மதி வந்துவிடுகிறது. அந்தக் குழந்தை திரும்பியது தரையின் அதிர்வை உணர்ந்ததால் இருக்கலாம். சுவரில் நகர்ந்த நிழலைக் கண்டதால் இருக்கலாம். எதிரில் உட்கார்ந்திருந்த தாயின் கண்கள் பின்பக்கம் போனதைக் கவனித்ததால்கூட இருக்கலாம். மேலும், தட்டு விழும் ஓசை கேட்கும் காதுக்கும் ‘ச’ போன்ற மெல்லிய, கூர்மையான பேச்சொலி எட்டாமல் போகலாம்.

பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதும் முடிவான பதில் ஆகாது. மூளைக்காய்ச்சல், கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ், சில மரபணுக் காரணங்கள் ஆகியவற்றால் பின்னரும் செவித்திறன் குறையலாம். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினாலும் ஒலி மங்கும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் நிரந்தரச் செவிக்குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். பரிசோதனையோ வலியில்லாதது: ஓஏஈ முறையில் காதில் ஒரு மென்மையான முனையைச் சில நிமிடங்கள் வைப்பார்கள், பெரா முறையில் குழந்தை தூங்கும்போது தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு தரும் எதிர்வினையைப் பதிவு செய்வார்கள்.

வாயை மட்டும் கவனித்துவிட்டுக் கண்ணையும் கையையும் மறந்துவிடக் கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, கையசைக்கிறதா, வேண்டியதை நோக்கிக் கை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்பவை ஒலியளவுக்கே முக்கியமானவை. ஒரு வயதாகியும் இவை தென்படாவிட்டால் மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்துகொண்டிருந்த மழலையோ சைகையோ நின்றுபோனால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பேச்சு வரட்டும் என்று பாட்டுக் காணொளிகளைப் போட்டுவிடுவதும் தவறான வழி. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க அறிவியலாளர் பேட்ரிசியா கூலின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் நேரில் விளையாடியபோது அந்த மொழியின் ஒலிவேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டனர். அதையே திரையில் கண்ட குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ என்று வற்புறுத்துவதும் பயன் தராது. குழந்தை ‘ப’ என்றால், முகத்துக்கு நேராகக் குனிந்து நீங்களும் ‘பா, பந்து’ என்று சொல்லிவிட்டுச் சில விநாடிகள் பேசாமல் காத்திருங்கள். உதடு குவிவதையும் கால் உதைப்பதையும் பார்ப்பீர்கள். அடுத்த ஒலி அந்த இடைவெளியில்தான் வரும்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் குறைபாடு வராது. அதற்காகத் தாய்மொழியைக் கைவிட வேண்டியதில்லை. ஆண் குழந்தை என்பதும் காத்திருக்கக் காரணமாகாது. குறைமாதத்தில் பிறந்திருந்தால் மட்டும், பிறந்த நாளை விட்டுவிட்டு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வெறுங்கையுடன் போகாதீர்கள். புதிய இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. வீட்டில் விளையாடும் வேளையில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி அங்கே பெரிதும் உதவும். ‘இன்னும் சில மாதம் பார்ப்போம்’ என்று அவர் சொன்னால், அந்த இடைவெளியிலேயே செவிப் பரிசோதனையை முடித்துவிடலாமா என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.