டாக்டர் கேட்காததை ரத்த அழுத்தக் கணக்கு சொல்லும்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நெடுநேரம் காத்திருந்து, உள்ளே போனால் சில நிமிடங்களில் மருந்துச் சீட்டோடு வெளியே. எரிச்சல் வருவது நியாயம்தான். அதற்காக ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் எடுத்த ரத்த அழுத்த அளவீடுகளோடு போனால் பேச்சே மாறும்.

மேல்கையில் கட்டும் கருவியே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி சற்று நகர்ந்தாலும் தவறு காட்டும். மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்கேற்ற பட்டை வாங்குங்கள். பட்டை சிறிதானால் எண் கூடும்.

காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், தலா 2 முறை, 1 நிமிட இடைவெளியில், 7 நாள் அளக்க வேண்டும். அதற்கு முந்தைய 30 நிமிடத்தில் கோப்பி கூடாது (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி-ஓ கோசோங்கும் கோப்பிதான்). சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் தோலில், இதயத்தின் உயரத்தில், கை மேசைமேல். தொங்கும் கையும் வாய்ப்பேச்சும் எண்ணை ஏற்றிவிடும். பிடிக்காத எண்ணை அழிக்காதீர்கள்!

முதல் நாளை விட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் தாளை நீட்டி, “இந்த மருந்து போதுமா, மாற்றணுமா?” என்று நேராகக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஹெல்த்ஹப் என்ற அரசு சுகாதாரச் செயலியில் இருக்கும். அதையும் திறந்து வையுங்கள்.

180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே ஆம்புலன்சுக்கு 995.