கேஸ் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: பிரிட்டன் வருபவர்களுக்கு

பிரிட்டனில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், பக்கத்தில் தமிழ்க் கடை இருக்கிறதா, வாடகையைக் கொஞ்சம் குறைப்பார்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஹீட்டிங் கேஸிலா கரண்டிலா என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. மதுரையிலோ சென்னையிலோ வீட்டைச் சூடாக்க யார் காசு செலவு பண்ணியிருக்கிறோம், கேட்கத் தோன்ற? ஆனால் இங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வாடகைக்கு மேல் வரும் பெரிய செலவுகளில் ஒன்று பல வீடுகளில் இதுதான்.

காகித வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படம் எடுங்கள். அந்த வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பெனி எது என்று கேட்டு, ரீடிங்கைக் கொடுத்து, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பில் கட்டுவது நீங்கள் என்றால் கம்பெனியை மாற்றும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அவ்வளவுதான்.

இனி விலை. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட் விலைக்கு உச்சவரம்பு வைக்கும். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரண்ட் யூனிட்டுக்குச் சராசரியாக 26.35 பென்ஸ், அதே அளவு ஆற்றல் தரும் கேஸ் 6.29 பென்ஸ் என்று இருந்தது. நாலு மடங்குக்கும் மேல். அந்த வரம்பு யூனிட் விலைக்குத்தான், உங்கள் மொத்த பில்லுக்கு இல்லை. எரிக்க எரிக்க ஏறிக்கொண்டே போகும்.

ஒரு சின்ன வீட்டுக்குக் கடும் குளிரில் ஒரு நாளுக்கு 30 யூனிட் சூடு வேண்டும் என்று வைத்து, அந்த விலையில் கணக்குப் போடுவோம். கேஸ் பாய்லரில் கொஞ்சம் வீணானாலும் 2 பவுண்டுக்குச் சற்று மேலே முடிந்துவிடும். கேஸுக்கென்று தனியாக வரும் தினசரிக் கட்டணம் அப்போது 34 பென்ஸ் அளவு. அதே சூடு சாதாரண கரண்ட் ஹீட்டரில் கிட்டத்தட்ட 8 பவுண்டு. ஊரில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், இங்கே நாலாவது நாள் காலையிலேயே தீர்ந்துபோகும்.

ஏஜென்ட்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். "கரண்ட் ஹீட்டரில் துளி வீணாகாது, கேஸ் பில்லே கிடையாது, ஒரே பில்தான்." மூன்றும் உண்மை. ஆனால் வீணாகாத அந்த யூனிட்டுக்கு நாலு மடங்கு காசு கொடுக்கிறோம் என்பதை அவர்கள் வாயால் கேட்க முடியாது.

நார்தாம்ப்டனில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகளுக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. வாடகை குறைவு என்று ஒரு படுக்கையறை ஃப்ளாட். சுவரோரம் தடிமனான வெள்ளைப் பெட்டிகள், ஆளால் அசைக்க முடியாத கனம். ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே செங்கல் அடுக்கியிருக்கும். இரவில் கரண்ட் அந்தக் கல்லைக் காய்ச்சும்; பகல் முழுக்க அந்தச் சூடு மெல்ல மெல்ல வெளியே வரும். இரவில் ஏழு மணி நேரம் கரண்ட் மலிவாகக் கிடைக்கும் எக்கானமி 7 போன்ற இரட்டை விலைத் திட்டத்தை நம்பிச் செய்த பொருள் அது. இரவு விலை பெரும்பாலும் பகல் விலையில் பாதியை ஒட்டி இருக்கும்.

அந்த வீட்டுக் கணக்கோ ஒற்றை விலையில் இருந்தது. முன்பு குடியிருந்தவர் மாற்றியதை ஏஜென்ட்டும் சொல்லவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. பெட்டிகள் பாட்டுக்கு நடுராத்திரியில் முழு விலைக் கரண்டைக் குடித்தன. காலையில் வீடு நன்றாகச் சூடாக இருக்கும். அவள் இட்லி மாவுப் பாத்திரத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பாள், பொங்கி நிற்கும். வீட்டில் ஆளே இல்லாத பகலில் சூடெல்லாம் இறங்கிவிடும். டியூட்டி முடித்து எட்டு மணிக்கு மேல் வந்தால் பெட்டி சில்லென்று இருக்கும், உடனே ஃபேன் ஹீட்டரைப் போடுவாள். மணிக்கு 2 யூனிட், அதாவது 50 பென்ஸுக்கு மேல். ஜனவரி பில் 300 பவுண்டை ஒட்டி வந்தது. "அண்ணா, மீட்டர் கெட்டுப்போச்சு போல" என்று போன் பண்ணினாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. கம்பெனி அன்று முதல் இரட்டை விலைக்கு மாற்றியது; பழைய பாக்கியில் ஒரு பென்ஸ் குறைக்கவில்லை.

ஆகவே ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீடு என்றால், குடி போன வாரமே கம்பெனியிடம் இதைக் கேளுங்கள்: "என் கணக்கு ஒற்றை விலையா, இரட்டை விலையா?" மீட்டரில் பட்டனை அழுத்தினால் இரண்டு ரீடிங் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் இரண்டையும் படம் எடுத்து, எது இரவு, எது பகல் என்று அவர்களிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். மாறிப் பதிந்திருந்தால் மலிவு யூனிட்டுக்குப் பகல் விலை போடுவார்கள். மீட்டர் பக்கத்தில் ரேடியோ டெலிஸ்விட்ச் என்று எழுதிய பழைய பெட்டி இருந்தால் உடனே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். வானொலி அலை வழியாக ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ஏற்பாடு அது. 2025 ஜூன் 30 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள்.

இரட்டை விலையிலும் ஒரு கண் வேண்டும், பகல் விலை ஒற்றை விலையைவிட அதிகம். வெந்நீர்த் தொட்டி இரவில் காயட்டும். பகலில் தண்ணீரை உடனே காய்ச்சும் பூஸ்ட் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்தால் மணிக்கு 3 யூனிட் போகும். ஸ்டோரேஜ் ஹீட்டரில் இரண்டு திருகு இருக்கும்: இன்புட் இரவில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு, அவுட்புட் எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதற்கு. வேலைக்குக் கிளம்பும்போதும் படுக்கும்போதும் அவுட்புட்டைக் குறைத்துவிட்டுப் போங்கள், மாலைக்குக் கொஞ்சம் சூடு மிஞ்சும்.

கடையில் "கரண்ட் மிச்சம்" என்று விற்கும் எண்ணெய் ரேடியேட்டர், சுவரில் மாட்டும் பேனல் எதை வாங்கினாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். ஹீட் பம்ப் மட்டும் வேறு. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்து ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு தரும், அதனால் செலவு கேஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சுவரும் ஜன்னலும் நன்றாக மூடிய புதிய சின்ன ஃப்ளாட்டிலும் கரண்ட் ஹீட்டிங் தாங்கும்.

வீடு பார்க்கப் போகும் முன்பே இதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம். அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அந்த வீட்டின் ஆற்றல் திறனைத் தரம் பிரித்துச் சொல்லும் ஈபிசி சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீட்டுக்குப் பொதுவாக அது ‘ஈ’ தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. தரத்தோடு நின்றுவிடாமல் ‘மெயின் ஹீட்டிங்’ என்ற வரியைப் படியுங்கள். பாய்லர், மெயின்ஸ் கேஸ் என்றிருந்தால் நிம்மதியாகப் போய்ப் பாருங்கள். எலெக்ட்ரிக் என்றிருந்தால், இப்போது இருப்பவரின் ஜனவரி பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாடகையில் 80 பவுண்டு குறைவு என்று ஏஜென்ட் சொன்னால், அந்த பில்லைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.