மாதக்கல் நகை: கல் தேர்வு முதல் கழுவும் முறை வரை

மாதக்கல் வேறு, ராசிக்கல் வேறு. கடைக்குப் போகும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராசிக்கல் நவரத்தினக் கணக்கைச் சேர்ந்தது. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, சனிக்கு நீலம் என்று கிரகத்தை வைத்து, ஜாதகம் பார்த்துச் சொல்வார்கள். மாதக்கல்லுக்குப் பிறந்த ஆங்கில மாதம் தெரிந்தால் போதும். பைபிளில் தலைமைக் குருவான ஆரோனின் மார்புப்பட்டையில் பதித்ததாகச் சொல்லப்படும் 12 கற்களிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. இன்று கடைகளில் புழங்கும் பட்டியலை 1912இல் அமெரிக்க நகை வணிகர்கள் வரையறுத்தார்கள். 1952இல் அதில் சில மாற்றங்கள் வந்தன. 2002இல் டிசம்பருக்கு டான்சனைட்டும், 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பைனலும் சேர்ந்தன.

சித்திரையில் பிறந்தவருக்கு எந்தக் கல் என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை ஏப்ரல் நடுவில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. அதனால் பிறந்த ஆங்கிலத் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 20 என்றால் வைரம், மே 5 என்றால் மரகதம்.

எந்த மாதத்துக்கு எது, என்ன பொருள்

ஜனவரிக்கு கார்னெட். பயணம் போகிறவரைக் காக்கும் கல், நட்பின் கல் என்பார்கள். பிப்ரவரிக்கு அமெதிஸ்ட் என்னும் செவ்வந்திக்கல். அந்தக் கிரேக்கப் பெயருக்கே ‘போதை ஏறாதது’ என்று பொருள், அதனால் தெளிந்த புத்திக்கு அடையாளம். மார்ச்சுக்கு கடல்நீர் நிற அக்வாமரின், மாலுமிகளின் காவல் கல். இது நம் மண்ணின் கல்லும்கூட. காங்கேயம் அருகே படியூரில் இந்தப் பெரில் இனக் கல்லை வெட்டி எடுத்தார்கள், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில் மணி செய்த பட்டறைத் தடயங்களே கிடைத்தன. ஏப்ரலுக்கு வைரம், தளராத உறுதி. மே மாதத்துக்கு மரகதம், காதலும் புதுத்தளிரும்.

ஜூனுக்கு முத்து, சந்திரகாந்தக்கல், அலெக்சாண்ட்ரைட் என மூன்று. முத்துக்குத் தூய்மை என்பதே பொதுவான பொருள். ஜூலைக்கு மாணிக்கம், வேட்கையும் வீரமும். வடமொழியில் இதை ரத்தினராஜன் என்றே அழைத்தார்கள். ஆகஸ்டுக்கு இளம்பச்சை பெரிடாட். செங்கடலில் எகிப்தை ஒட்டிய ஒரு தீவில் பழங்காலத்திலேயே எடுத்தது, இரவுப் பயத்தை விரட்டும் என்று நம்பினார்கள். இதற்கு ஸ்பைனலும் சார்டோனிக்சும் மாற்று. செப்டம்பருக்கு நீலம், வாய்மையும் விசுவாசமும். அக்டோபருக்கு ஓபலும் டூர்மலினும், முதலாவது நம்பிக்கையின் கல். நவம்பருக்கு டோபாஸ் அல்லது சிட்ரின். டிசம்பருக்கு டர்க்காய்ஸ், சிர்கான், டான்சனைட். இவற்றில் டர்க்காய்சுக்குத்தான் மிகப் பழைய பொருள் உண்டு: குதிரையில் போகிறவனை விழாமல் காக்கும் என்பது.

நீலம் என்றாலே சனியை நினைத்துத் தயங்கும் செப்டம்பர்க்காரர்கள் நம்மிடையே நிறையப் பேர். நீலக்கல் இனத்தில் சிவப்பு நீங்கலாக எல்லா நிறமும் உண்டு. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை எதை எடுத்தாலும் அது செப்டம்பர் கல்தான். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் இந்த நிறங்கள் எல்லாமே கிடைக்கின்றன.

கல்லின் கடினத்தைப் பார்த்து நகையை முடிவு செய்யுங்கள்

மாதக்கல் நகை கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் மோதிரத்துக்கு ஒவ்வாத கல்லை மோதிரத்தில் வைப்பது. கல்லின் கடினத்தை மோஸ் என்னும் 1 முதல் 10 வரையான அளவில் சொல்கிறார்கள். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அதன் கடினம் 7. ஆகவே 7க்குக் கீழே உள்ள கல்லை உலர்ந்த துணியால் துடைத்தாலே நாளடைவில் மெருகு போகும்.

தினமும் போடும் மோதிரத்துக்கு ஏற்றவை வைரம் (10), மாணிக்கம், நீலம் (9), அலெக்சாண்ட்ரைட் (8.5), ஸ்பைனல் (8). அக்வாமரினும் (7.5 முதல் 8) நன்றாக உழைக்கும். டோபாஸ் 8 ஆனாலும் ஒரு திசையில் பிளவுபடும் தன்மை அதற்கு உண்டு, குழாயில் ஓங்கி இடித்தால் நேர்கோடாகப் பிளக்கும். மரகதமும் 7.5 முதல் 8 வரை போகும், ஆனால் உள்ளே ஓடும் விரிசல்களால் அது பலவீனமானது. அமெதிஸ்ட், சிட்ரின், கார்னெட், டூர்மலின் எல்லாம் 7ஐ ஒட்டியவை. கவனமாக இருந்தால் மோதிரத்துக்கு ஆகும். சிர்கானும் அந்த அளவில்தான் இருக்கிறது, ஆனால் நொறுங்கும் குணம் அதிகம். முகப்பு விளிம்புகள் சீக்கிரம் தேயும்.

தோடு, பதக்கம் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவை டான்சனைட் (6 முதல் 7), சந்திரகாந்தம் (6 முதல் 6.5), ஓபல் (5 முதல் 6.5), டர்க்காய்ஸ் (5 முதல் 6), முத்து (2.5 முதல் 3). பெரிடாட் 6.5 முதல் 7. இது அமிலத்துக்கும் அஞ்சும், எலுமிச்சை பிழியும் கைக்கு வேண்டாம். ஜூன் மாதக்காரர் மோதிரம்தான் வேண்டும் என்றால் முத்தை விட்டு அலெக்சாண்ட்ரைட் பக்கம் போவது நல்லது. விலை அதிகம் என்றால், சந்திரகாந்தத்தைச் சுற்றிலும் தங்கப் பட்டை கட்டி, விசேஷ நாளுக்கு மட்டும் போடலாம்.

பெயரிலேயே ஏமாறும் இடங்கள்

பெரிய குழப்பம் நவம்பரில் வருகிறது. அகராதிகள் டோபாசைப் புஷ்பராகம் என்கின்றன. கடையில் புஷ்பராகம், கனக புஷ்பராகம் என்றால் மஞ்சள் நீலக்கல். இரண்டும் வேறு வேறு கனிமம், விலையிலும் பெரும் இடைவெளி. பில்லில் ‘புஷ்பராகம்’ என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள், டோபாஸ் அல்லது மஞ்சள் சஃபையர் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கடைகளில் நிறைந்திருக்கும் நீல டோபாஸ் பெரும்பாலும் நிறமற்ற கல்லுக்குக் கதிர்வீச்சும் சூடும் கொடுத்து எடுத்த நிறம். அதில் தவறில்லை, ஆனால் அதற்கு அரிய கல்லின் விலை கிடையாது. சிட்ரினும் அப்படியே, சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி அமெதிஸ்டைச் சூடுபடுத்தி மஞ்சளாக்கியது.

ஜனவரியில் கோமேதகம் குறுக்கே வரும். கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், தேன் நிறத்தது, ராகுவுக்கு உரியது. சிவப்பு கார்னெட் கேட்டுவிட்டுக் கோமேதகத்துடன் திரும்பாதீர்கள். ஜூலையில் கெம்பு. கோவில் நகை பாணியில் ‘கெம்பு’ என்று விற்பது இன்று பெரும்பாலும் செயற்கைக் கல் அல்லது கண்ணாடி, அதை மாணிக்க விலைக்கு வாங்க வேண்டாம்.

மாணிக்கத்தில் அதைவிட ஆபத்தானது ஈயக் கண்ணாடி நிரப்பிய கல். விரிசல் நிறைந்த மலிவான கல்லில் கண்ணாடியை உருக்கி ஊற்றிப் பளபளப்பாக்குகிறார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரிசல்களில் நீல மின்னலும் தட்டையான காற்றுக்குமிழிகளும் தெரியும். பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பிலும், பிறகு முக்கும் அமிலத்திலும் இந்தக் கண்ணாடி அரிபட்டு, கல் முழுக்க வெள்ளைக் கோடுகள் எழும். எலுமிச்சைச் சாறே போதும் இதைக் கெடுக்க.

அலெக்சாண்ட்ரைட் பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் சிவப்பாகவும் தெரிய வேண்டும். சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறினால் அது பெரும்பாலும் நிறம் மாறும் செயற்கை நீலக்கல் வகை. முத்தைப் பல் நுனியில் லேசாக உரசினால் நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். ஆனால் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒன்றுபோலவே நறநறக்கும், அந்த இரண்டைப் பிரிக்க எக்ஸ்ரே வேண்டும்.

ஓபலைப் பதித்த பிறகு வாங்காதீர்கள், உதிரியாக இருக்கும்போதே பக்கவாட்டில் பாருங்கள். நேரான கோடு ஒன்று ஓடினால் அது மெல்லிய ஓபலைக் கருப்பு அடித்தட்டில் ஒட்டியது. மேலே தெளிந்த குமிழ் மூடியும் இருந்தால் மூன்று அடுக்கு. பின்பக்கம் மூடிய கட்டில் இந்தக் கோடு மறைந்துவிடும். ஒட்டிய கல்லில் தண்ணீர் ஏறினால் பசை வெளுத்து ஓரத்திலிருந்து மங்கும். எத்தியோப்பிய ஓபலுக்கு வேறு சிக்கல், அது தண்ணீரை உறிஞ்சி நிறவிளையாட்டை இழக்கும். காய்ந்தால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் எண்ணெய் ஏறினால் அப்படி நம்ப முடியாது.

பத்தரிடம் கொடுக்கும்போது

கல்லை மாணிக்கம், நீலம், மரகதம், வைரம் என்ற அளவில் வாங்கினால் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். கல் இயற்கையா செயற்கையா, சூடுபடுத்தியதா, எண்ணெய் அல்லது கண்ணாடி நிரப்பியதா என்ற வரிகளை முதலில் படிக்க வேண்டும். மரகதத்துக்கு எண்ணெய் கொடுப்பது உலக வழக்கம். அளவு குறைவு என்று இருந்தால் கவலையில்லை, அதிகம் என்று இருந்தால் விலை இறங்க வேண்டும். கல்லை நிறுக்கும் பழைய ரத்திக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும், பில்லில் காரட் கேளுங்கள். 1 காரட் 0.2 கிராம். 1 காரட் வட்ட வைரம் சுமார் 6.5 மில்லிமீட்டர் இருக்கும். நீலக்கல் வைரத்தைவிட அடர்த்தியானது, அதே எடையில் சற்றுச் சிறிதாகத் தெரியும்.

தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்குத்தான். மோதிரம் மொத்தம் 5.2 கிராம், அதில் 4 காரட் கல் என்றால், கல் எடை 0.8 கிராம் போக 4.4 கிராமுக்குத்தான் தங்க விலை. இது பில்லில் தனி வரியாக இருக்கட்டும்.

கல்லை நாலு முனையில் பிடிக்கும் பிராங் கட்டுக்கு 22 காரட் தங்கம் மிருது. பிடி நாளடைவில் வளைந்து கல் விழும். அந்தக் கட்டுக்கு 18 காரட் சொல்லுங்கள். 22 காரட்தான் வேண்டும் என்றால் சுற்றிலும் பட்டை கட்டு. மரகதத்துக்கு நாலு மூலையையும் பட்டை மூட வேண்டும், முதலில் உடைவது மூலைதான்.

மோதிர அளவு மாற்றினால் மரகதம், ஓபல், டான்சனைட், முத்து, டர்க்காய்ஸ் இவற்றைக் கழற்றிய பிறகே நெருப்பு காட்டச் சொல்லுங்கள். கழற்றாமல் சூடு காட்டினால் மரகதத்தின் எண்ணெய் வெளியேறி, அதுவரை தெரியாத விரிசல்கள் மேலே வரும். முத்துமாலையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே பட்டு நூலில் முடிச்சு இருக்கட்டும். நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், முத்துகள் ஒன்றோடொன்று உரசவும் மாட்டா.

கழுவுவது, வைப்பது

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மிதமான திரவ சோப்பு, 5 நிமிட ஊறல், குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ். கல்லின் பின்பக்கத்தில்தான் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், அங்கே தேயுங்கள். இது வைரம், மாணிக்கம், நீலம், அக்வாமரின், அமெதிஸ்ட் போன்றவற்றுக்கு. கண்ணாடி நிரப்பிய மாணிக்கமானால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மரகதத்தை ஊறவைக்காமல் சட்டென்று கழுவி எடுங்கள். முத்து, ஓபல், டர்க்காய்ஸ் மூன்றுக்கும் ஈரத்துணி மட்டும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் வெறும் தங்கத்துக்குச் சரி, இந்த மூன்றுக்கும் கூடாது. பற்பசையில் அராவும் பொடி இருப்பதால் எந்தக் கல்லுக்கும் வேண்டாம். கடையில் அதிர்வு இயந்திரத்தில் போடும்போது மரகதம், ஓபல், முத்து, டான்சனைட், சந்திரகாந்தம், கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இவற்றைச் சொல்லித் தடுங்கள். தேங்காயெண்ணெய் ஏறினால் டர்க்காய்சின் நீலம் பச்சைக்குத் திரும்பும், தலைக்கு எண்ணெய் வைக்கும் முன் தோட்டைக் கழற்றுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். கடகட என்று கேட்டால் கல் ஆடுகிறது. பஞ்சை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், இழை சிக்கினால் ஒரு பிடி தூக்கியிருக்கிறது. அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வைரம் மற்ற எல்லாக் கல்லையும் கீறும், அதனால் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றுங்கள். அமெதிஸ்டை வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் வெளிறும். முத்துமாலையைத் தொங்கவிட்டால் நூல் தளரும், பிளாஸ்டிக் பையில் அடைத்தால் முத்து வறண்டு மங்கும். பருத்தித் துணியில் படுக்கையாக வையுங்கள்.