என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி: லாக் லெவலும் ப்ராசஸை நிறுத்தும் முறையும்

கம்பம், குமுளி பக்கத்து ஏலக்காய்க் கடைகளில் பில்லிங் சாஃப்ட்வேருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வரை ப்ராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளை வாங்கிப் பில்லிங்குக்குக் கைமாற்றும் இடையாளாக வைப்பதுண்டு. ஆடிச் சாரலில் கரண்ட் போய்த் திரும்பியதும் ஸ்க்ரீனில் 502 நிற்கும். பில்லிங்கிலிருந்து சரியான பதில் வரவில்லை என்று ப்ராக்ஸி சொல்லும் எண் அது. காரணம் எரர் லாகில் (பிழைகள் பதிவாகும் ஃபைல்) கிடைக்கும், லெவல் சரியாக வைத்திருந்தால். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன், டைப் செய்வது ஆங்கிலத்தில்.

முதலில் லெவல், அதாவது எவ்வளவு கடுமையான செய்தி முதல் பதிவாக வேண்டும் என்ற அளவு. கடுமை ஏறும் வரிசையில் மொத்தம் எட்டு: டீபக், இன்ஃபோ, நோட்டீஸ், வார்ன், எரர், கிரிட், அலர்ட், எமர்ஜ். ஒன்றைக் கொடுத்தால் அதுவும் அதைவிடக் கடுமையானவையும் பதிவாகும். ஒன்றும் கொடுக்காவிட்டால் எரர். நான் எப்போதும் வார்ன்தான் வைப்பேன். பெரிய ரிப்போர்ட் பஃபரில் (தற்காலிக மெமரி) அடங்காமல் டெம்ப் ஃபைலுக்குப் போவது அதில்தான் தெரியும்.

டிஸ்க் மிச்சமாகும் என்று கிரிட் வைக்காதீர்கள். கரண்ட் வந்ததும் ப்ராக்ஸி முந்தி எழுந்துவிடும், பில்லிங் பின்னால் வரும். அந்த இடைவெளியில் விழும் '111 கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' எரர் லெவல். கிரிட் வைத்தால் 502-க்குத் தடயமே இருக்காது.

ப்ராக்ஸியே எழவில்லையா? எமர்ஜ் வரியைத் தேடுங்கள். ப்ராக்ஸி_பாஸில் (கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் கான்ஃபிக் வரி) ஐபிக்குப் பதில் பெயர் கொடுத்திருந்து, நெட் லைன் வருமுன் ஸ்டார்ட் ஆனால், 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்' என்று நின்றுவிடும். உள்ளூர் சர்வருக்கு 192.168.1.10 போல ஐபியே கொடுங்கள்.

அடுத்தது ப்ராசஸ். பலரும் சறுக்குவது இங்கேதான். நிர்வகிக்கும் மாஸ்டர் ஒன்று, அதன் கீழே கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர்கள். சிக்னலை (கில் கட்டளையால் ப்ராசஸுக்கு அனுப்பும் உத்தரவு) மாஸ்டரின் பிஐடிக்கு, அதாவது அதன் ப்ராசஸ் எண்ணுக்கு அனுப்ப வேண்டும்:

ஹப்: புதிய கான்ஃபிக்கை ஏற்றும் (ரீலோட்). முன்னதாக 'என்ஜின்எக்ஸ் -டி' (nginx -t, கான்ஃபிக்கைச் சோதிக்கும்) ஓட்டிப் பாருங்கள். தப்பு இருந்தால் மாஸ்டர் பழையதிலேயே ஓடும், நீங்கள் மாறிவிட்டதாக நினைப்பீர்கள்.
குவிட்: கையில் உள்ள வேலையை முடித்து நிற்கும்.
டெர்ம்: உடனே நிற்கும்.
யூஎஸ்ஆர்1: லாகைத் திரும்பத் திறக்கும்.

புது லாக் தொடங்க, பழைய லாக் ஃபைலின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ப்ராசஸ் பிடித்திருப்பது பெயரை அல்ல, திறந்த ஃபைலை. யூஎஸ்ஆர்1 அனுப்பும்வரை பழைய ஃபைலிலேயே எழுதும். அழித்துவிட்டாலும் டிஸ்கில் இடம் திரும்பாது. அனுப்பி ஒரு விநாடி விட்டுப் பழைய ஃபைலை ஜிசிப் செய்து சுருக்குங்கள்.

'கில் -9' (ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளை) வேண்டவே வேண்டாம். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் ப்ரோக்ராம்) இல்லாமல் கையால் ஸ்டார்ட் செய்திருந்தால், மாஸ்டர் செத்தாலும் வொர்க்கர்கள் 80-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். புது ஸ்டார்ட் '98 அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று விழும். பிஎஸ் (ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு அந்த வொர்க்கர்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் டெர்ம் அனுப்பியபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ரீலோட் செய்து வெகுநேரமாகியும் பிஎஸ்ஸில் 'ஷட்டிங் டவுன்' என்று வொர்க்கர் நிற்கிறது என்று கேட்டிருந்தார்கள். வெப்சாக்கெட் (நெடுநேரம் திறந்தே இருக்கும் இணைப்பு) போன்றது திறந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வொர்க்கர்_ஷட்டவுன்_டைம்அவுட் 30எஸ் (30 விநாடி) என்று கான்ஃபிக்கின் மேல்மட்டத்தில், எச்டிடிபி பிளாக்குக்கு வெளியே போடுங்கள்.