செயற்பாட்டுக் கோட்பாடு: முக்கோணத்தை வரைந்ததும் நின்றுவிடாதீர்கள்

மனிதர் செய்வதைத் தனியாகப் பார்க்காமல், அதன் நோக்கம், கருவி, சமூகம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்ப்பது செயற்பாட்டுக் கோட்பாடு. பல்கலைக்கழகக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தை ஆராய்பவர்கள் அதைக் கையில் எடுத்ததும் ஃபின்லாந்து ஆய்வாளர் எங்கெஸ்ட்ரோமின் முக்கோணத்தைத்தான் முதலில் வரைகிறார்கள். 1987இல் வெளிவந்த அந்தப் படத்தில் கர்த்தா (செய்பவர்), கருவி, நோக்கப்பொருள் (செயற்பாடு எதை நோக்கி நடக்கிறதோ அது), விதிகள், சமூகம், வேலைப் பகிர்வு என்று ஆறு இடங்கள். ஆசிரியர் கர்த்தா, இணையவழிக் கற்றல் தளம் கருவி, மதிப்பெண் முறை விதி என்று நிரப்பியதும் ஆய்வு முடிந்ததுபோல ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஆனால் கையில் இருப்பது பெயர்ப்பட்டியல்தான். எதற்கும் எதற்கும் இடையில் இழுபறி இருக்கிறது என்று கேட்காதவரை அந்தப் படம் எதையும் விளக்காது.

இருப்பதிலேயே பெரிய தவறு நோக்கப்பொருளில் நடக்கிறது. பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் குறிக்கோளை அப்படியே அந்த இடத்தில் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இணையக் கலந்துரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்று ஆசிரியர் அதை ஏற்பாடு செய்கிறார். வாரம் இரண்டு பதிவு போட்டால் மதிப்பெண் என்பதால், கடைசி நாள் இரவில் "நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன்" என்று எழுதிவிட்டு மாணவர்கள் போய்விடுகிறார்கள். தளம் ஒன்றுதான், ஆனால் அங்கே நடக்கும் செயற்பாடுகள் இரண்டு. பதிவுகளை எண்ணிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சோவியத் உளவியலாளர் லியோன்டியேவ் சொன்ன வேட்டை உதாரணம் இங்கே உதவும். கூட்டத்தில் ஒருவர் விலங்கை விரட்டுகிறார். அவர் செயலை மட்டும் பார்த்தால், உணவு தேடுபவர் உணவைத் துரத்திவிடுவது போல இருக்கும். மறுபக்கம் பதுங்கியிருப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் புரியும். மாணவரின் ஒவ்வொரு சொடுக்கையும் இப்படி முழுச் செயற்பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்புறம், தொழில்நுட்பம் எப்போதும் கருவிதான் என்று நினைத்துவிடுவது. புதிய தளத்தில் முதல் வாரம் ஒப்படைப்பைப் பதிவேற்றுவதே தனி வேலை, முழுக் கவனமும் அதில்தான் இருக்கும். பழகிய பிறகு அது கவனமின்றியே நடக்கும் செய்கையாகிவிடுகிறது. கோப்பு ஏற மறுத்தால் மீண்டும் கவனம் அங்கே திரும்பும். லியோன்டியேவின் மூன்று நிலைகளான செயற்பாடு (கூட்டான நோக்கத்துக்காக நடப்பது), செயல் (குறிக்கோளோடு கவனித்துச் செய்வது), செய்கை (பழகித் தானாக நடப்பது) ஆகியவை இந்த நகர்வைப் பார்க்கத்தான். ஒரே ஒரு நாள் வகுப்பைக் கவனித்துவிட்டு முடிவு சொல்பவர்களுக்கு இது அகப்படாது.

முரண்பாடு என்றதும் "இணைய வேகம் குறைவு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை" என்று குறைகளை அடுக்குவதும் சரியல்ல. கோட்பாடு சொல்லும் முரண்பாடு அமைப்புக்குள் காலப்போக்கில் சேர்ந்த இறுக்கம். கூட்டாக எழுதும் கருவியைக் கொண்டுவந்துவிட்டுத் தேர்வைத் தனித்தனியாகவே வைத்தால் கருவிக்கும் விதிக்கும் மோதல். இன்னும் ஆழத்தில், ஒப்படைப்பு அறிவைத் தருவதாகவும் மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்ளும் பொருளாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை எழுதி வாங்கும் மாணவரைப் பற்றிப் பேசும்போது இந்த ஆழமான முரண்பாட்டைத் தொடாமல் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பயிற்சி வகுப்பு வைத்தாலும் இந்த இறுக்கம் அப்படியே இருக்கும்.

ஒரே முக்கோணத்துக்குள் பல்கலைக்கழகம் முழுவதையும் திணிப்பதும் உண்டு. தளத்தைப் பராமரிக்கும் கணினிப் பிரிவின் நோக்கப்பொருள் வேறு, துறையின் நோக்கப்பொருள் வேறு. குறைந்தது இரண்டு அமைப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் கோட்பாட்டின் வளர்ச்சியில் மூன்றாம் தலைமுறை சொல்வது.

கண்டறிந்த முரண்பாட்டை அறிக்கையில் எழுதி மூடிவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஹெல்சின்கியில் 1990களின் நடுவில் உருவான மாற்ற ஆய்வகம் என்ற முறையில், வேலை செய்பவர்களிடமே அவர்கள் வேலையின் பதிவுகளைக் காட்டி, முரண்பாட்டை அவர்களே அலசி, புது வடிவத்தை அவர்களே வரையச் சொல்கிறார்கள். அதையே பாடத்துக்கும் செய்யலாம்: ஆசிரியர், மாணவர், கணினிப் பிரிவினர் மூவரையும் உட்காரவைத்து, அந்தக் கடைசி இரவுப் பதிவுகளை நடுவில் வையுங்கள்.