திட்டு வாங்கியதை இங்கிலீஷில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஹோட்டல், ரிசார்ட், தேயிலை ஃபேக்டரி என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். யாரோ திட்டியதை, ஏதோ பிடிக்காததை எழுத வேண்டிய இடம் வந்தால் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் 'அப்யூஸ்'. போன சீசனில் ஒரு பையனை சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். 'ஹி அப்யூஸ்டு மீ' என்று வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டான். நம் ஊர் இங்கிலீஷ் பேப்பரில் அதற்குத் திட்டினார் என்று பொருள் வரும். வெளிநாட்டில் படிப்பவருக்கோ அடி உதையோ பாலியல் கொடுமையோதான் முதலில் மனதில் வரும். அப்படித்தான் விசாரித்தார்கள். அதெல்லாம் நடக்கவில்லை என்று தெரிந்ததும் விஷயத்தை முடித்துவிட்டார்கள். கெட்ட வார்த்தை பேசியதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அவன் பட்ட அவமானம் நிஜம், அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'ஹி ஸ்வோர் அட் மீ' என்று எழுதி, அவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே கீழே போட்டிருந்தால் போதும்.

'ஃபயர்' இன்னொரு பள்ளம். 'மேனேஜர் ஃபயர் பண்ணிட்டார்' என்றால் நமக்குச் செம திட்டு. 'ஹி ஃபயர்டு மீ' என்று எழுதினால் வேலையே போய்விட்டது என்று அர்த்தம். தேயிலை ஃபேக்டரியில் ஃபயரிங் என்பது டிரையரில் தூளை உலர்த்துவது. அங்கே வேலை பார்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

'ஸ்கோல்ட்' பெரும்பாலும் பெரியவர்கள் குழந்தையைக் கடிந்துகொள்வதற்கு. மேலதிகாரி முறைப்படி கண்டித்தால் 'ரெப்ரிமாண்ட்'. சும்மா சத்தம் போட்டால் 'டோல்டு மீ ஆஃப்'.

அப்புறம், 'கிரிட்டிசைஸ்' என்பதையும் 'பிளேம்' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தமிழில் இரண்டுக்குமே 'குறை சொன்னார்' என்று சொல்லிவிடுகிறோம், அதனால் வருகிற குழப்பம். வகுப்பில் இதற்கு நான் தேயிலையைத்தான் எடுத்துக்கொள்வேன். டீ டேஸ்டர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு 'பேக்கி' என்கிறார். டிரையரில் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். தூளில் உள்ள குறையைச் சொல்கிறார், அது கிரிட்டிசிசம். 'டிரையரைப் பார்த்துக்கொண்டவர்தான் இதற்குக் காரணம்' என்று ஒருவர் பக்கம் கை நீட்டினால்தான் பிளேம். வாடிக்கையாளர் சாம்பாரில் உப்பு அதிகம் என்றதை 'ஹி பிளேம்டு த சாம்பார்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். சாம்பார் என்ன தப்பு செய்தது என்று கேட்டேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

லீவு கிடைக்காததற்கு 'டிஸ்அப்ரூவ்டு' என்று எழுதுகிறார்கள். 'நாட் அப்ரூவ்டு' என்றால் சரி. 'டிஸ்அப்ரூவ் ஆஃப்' என்பது மனசுக்கு ஒப்பாமல் இருப்பது. மகன் சிகரெட் பிடிப்பது அம்மாவுக்குப் பிடிக்காத மாதிரி. அம்மா வாய் திறக்காவிட்டாலும் அது டிஸ்அப்ரூவல்தான். அந்த 'ஆஃப்' (of, ஒரே f) விட்டுப்போகக் கூடாது.

'கண்டெம்' மிகக் கனமான சொல். வன்முறை, அநீதி மாதிரியானவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிபன் லேட்டானதற்கு வேண்டாம். ஓடித் தேய்ந்த பஸ்ஸைக் 'கண்டம்' என்கிறோமே, அது இந்தச் சொல்தான். இனி உதவாது என்று ஒதுக்கிவிடுவது.

'சென்ஷர்' வேறு, சினிமா 'சென்சார்' வேறு. நாடாளுமன்றத்தில் கொண்டுவரும் கண்டனத் தீர்மானம் சென்ஷர் மோஷன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைப் பட்டியலில் முதலில் நிற்பதும் சென்ஷர்தான். ஆபீசில் யாராவது முகம் சுளித்ததற்கெல்லாம் அதை எழுதினால், படிப்பவர் உங்கள் சர்வீஸ் புக்கில் தண்டனை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.