தானாகப் பிடிக்கப்படும் சந்தாவை நிறுத்துவது எப்படி

அப்பாவின் ஓய்வூதியக் கணக்குப் பாஸ்புக்கை வெகு நாள் கழித்துப் பதிந்து வாங்கியபோது, ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி 199 ரூபாய் போயிருப்பதைக் கண்டோம். மொத்தம் பதினொரு வரிகள், 2,189 ரூபாய். ராசிபலன் சொல்லும் ஒரு செயலியில் 1 ரூபாய் கட்டினால் ஏழு நாள் பார்க்கலாம் என்றிருந்ததால் டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்து ஓடிபியையும் போட்டிருக்கிறார். பிடிக்காமல் போனதும் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டார். அந்த ஓடிபி 1 ரூபாய்க்கு மட்டுமானதன்று, மாதாமாதம் பணம் பிடித்துக்கொள்வதற்கான அனுமதியும் அதில் அடங்கியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. செயலியை நீக்கினால் சந்தா நிற்பதில்லை.

இங்கே இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியாக இருக்கின்றன. சந்தா என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது; பணம் பிடிக்கும் அனுமதியான இ-மேண்டேட் உங்கள் வங்கியில் பதிவாகியிருப்பது. சந்தாவை மட்டும் நிறுத்தினால், நிறுவனத்தின் தவறால் மறுபடியும் பணம் பிடிக்கப்பட வழி திறந்தே இருக்கும்; அனுமதியை மட்டும் நீக்கினால், நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பாக்கிக்காரராக நிற்கக்கூடும். ஆகவே முதலில் நிறுவனத்திடம், அடுத்து வங்கியில் என்ற வரிசையில் இரண்டையும் முடிப்பதே பாதுகாப்பானது.

முதல் வேலை, பணம் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பது. கார்டில் பதிந்த அனுமதியா, யுபிஐ ஆட்டோபேயா, கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கின் வழியாகச் செல்கிறதா என்பதைப் பொறுத்தே நிறுத்தும் இடம் மாறும். இதற்கு நம்பகமான சான்று வங்கி அனுப்பும் முன்னறிவிப்புச் செய்தி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர் கட்டணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக, நிறுவனத்தின் பெயர், தொகை, பிடிக்கும் தேதி, காரணம், குறிப்பு எண் ஆகியவற்றுடன் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அந்த ஒரு தவணையையோ அனுமதி முழுவதையுமோ மறுக்கும் வசதியும் அதனுடன் தரப்பட வேண்டும். அப்பாவின் கைப்பேசியிலும் ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி அந்தச் செய்தி வந்துதான் இருந்தது. விளம்பரச் செய்திகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில், திறக்கப்படாமல் கிடந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாதம் ஒருமுறை அவர்களுடைய குறுஞ்செய்திப் பெட்டியை உடன் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

நிறுவனத்திடம் நிறுத்தும்போது, அடுத்த புதுப்பிப்புத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள்; கடைசி நாள் வரை காத்திருந்தால் அடுத்த மாதக் கட்டணம் பதிவாகிவிடும் வாய்ப்பு உண்டு. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பகுதிக்குள் செல்ல வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பகுதி வரும். ரத்தானதாகக் காட்டும் திரையை, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுத்தும் பொத்தானை ஒளித்து வைப்பதும், ரத்து செய்யும் வழியை நீட்டி முழக்குவதும், இலவசச் சந்தாவுக்கே தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்களில் ‘சந்தா பொறி’ என்ற வகையில் தடை செய்யப்பட்டவை. பொத்தானே கிடைக்கவில்லை என்றால், “இன்றுடன் என் சந்தாவை ரத்து செய்கிறேன், இனி பணம் பிடிக்க அனுமதி இல்லை” என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, கிடைத்த எண்ணை அழைக்காதீர்கள். போலி எண்களை வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தாவை நிறுத்தித் தருகிறேன் என்று தொலைபேசியில் ஓடிபியோ பின் எண்ணோ கேட்பவர் மோசடிக்காரர்.

அடுத்து வங்கி. கார்டு என்றால் நெட் பேங்கிங்கிலோ வங்கிச் செயலியிலோ கார்டு பகுதிக்குள் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற தலைப்பில் அனுமதிகளின் பட்டியல் இருக்கும். யுபிஐ என்றால் அனுமதி கொடுத்த செயலியில் ஆட்டோபே பகுதியில் இருக்கும். யுபிஐயில் ‘பாஸ்’ (Pause) என்பது தற்காலிக நிறுத்தம் மட்டுமே. முழுமையாக நீக்கும் பொத்தானையே தேர்ந்தெடுத்துப் பின் எண்ணைக் கொடுக்க வேண்டும். “நிறுவனத்திடம் கேளுங்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று வங்கிக் கிளையில் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த நேரத்திலும் அனுமதியைத் திரும்பப் பெறும் இணைய வசதியைக் கார்டு வழங்கிய வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதற்குக் கட்டணமும் கிடையாது.

அனுமதியை நீக்கிய பிறகும் பணம் போனால், அதை அனுமதியற்ற பரிவர்த்தனை என்று குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை மூன்று வேலை நாட்களுக்குள் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வாடிக்கையாளரின் பொறுப்பைப் புகார் செய்யும் வேகத்தோடு பிணைக்கிறது; புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்குமாறும் வங்கிக்குச் சொல்கிறது. ஆனால் அனுமதியை நீக்க மறந்திருந்த மாதங்களுக்கு இந்த வாதம் செல்லாது. அப்பணத்தை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். எங்களுக்கு அப்படித்தான் கடைசி இரண்டு மாதத் தொகை, 398 ரூபாய், திரும்பி வந்தது, மீதி வரவில்லை.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. நிறுவனத்தின் மீது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் வேறு ஊரில் இருப்பது தடையன்று; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

இந்த முறையைக் கடன் தவணைக்குப் பயன்படுத்தாதீர்கள். சந்தாவைப் போல அதை நிறுத்திவிட முடியாது. தவணைக்கான மின்னணுப் பணமாற்றம் கணக்கில் பணமின்றித் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது குற்றமாகக்கூடும். காப்பீட்டுப் பிரீமியமும் அப்படியே கவனிக்க வேண்டியது: அனுமதியை நீக்கினால், தவணையை வேறு வழியில் கட்ட ஏற்பாடு செய்த பிறகே நீக்குங்கள், இல்லையேல் பாலிசி காலாவதியாகிவிடும்.